மலிவானந்தர்

"டிக்கெட் எவ்வளவுக்குப் போட்டீங்க?"

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் என்று ஒன்று கிடையாது. 1,800 டாலர் என்றால் "ஐயய்யோ!" என்பார். 1,400 என்றால் "பரவாயில்ல" என்பார். அந்தப் பரவாயில்லையில் ஐயய்யோவைவிடக் கூடுதல் இரக்கம் இருக்கும். தப்பித் தவறி அவரே எதிர்பார்க்காத விலைக்கு யாராவது வாங்கிவிட்டால் மனிதரின் முகம் கொஞ்சம் வாடும். உடனே சுதாரித்துக்கொண்டு, "பெட்டியோட சேர்த்தா, பெட்டிக்குத் தனியா?" "சாப்பாடு உண்டா?" "நடுவுல எத்தனை மணி நேரம் உக்காரணும்?" என்று நோண்ட ஆரம்பிப்பார். எங்கேயாவது ஓர் ஓட்டை அகப்பட்ட பிறகுதான் ஆறிப்போன காபியை எடுத்துக் குடிப்பார்.

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு மலிவானந்தரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கொலுவுக்குப் போனால் சுண்டல் கிண்ணத்தோடு பக்கத்தில் வந்து உட்காருவார். ஆயுஷ்ஹோமத்துக்குப் போனால் புகைக்கு நடுவிலிருந்து குரல் மட்டும் வரும். அதுவும் மனைவி காதில் விழுகிற தூரத்தில் நாம் இருக்கும்போதுதான் கேட்பார். நான் 1,800 என்று சொல்ல, "அப்படியா? நான் 1,230க்குப் போட்டேனே" என்று அவர் சொல்ல, அன்று வீடு திரும்பும்வரை காரில் யாரும் பேச மாட்டோம். தலைக்கு 570 வித்தியாசம், நாலு தலைக்கு 2,280 என்ற கணக்கை என் வீட்டுக்காரி வாயைத் திறக்காமலேயே சொல்லிவிடுவாள்.

அந்த 1,230 பிப்ரவரி மாதத்து விலை என்பதை அவராகச் சொல்ல மாட்டார். குறுக்கு விசாரணை செய்தால்தான் வரும். எங்களுக்கெல்லாம் டிசம்பர்தான் வாய்க்கிறது. அப்போது பள்ளிக்கூடம் விடுமுறை. சென்னையில் வெயில் கொஞ்சம் அடங்கியிருக்கும், சபாக்களில் கச்சேரி நடக்கும், கேன்டீனில் அடை அவியல் கிடைக்கும். இது விமான நிறுவனங்களுக்கும் தெரியும் என்பதுதான் கஷ்டம். "பிப்ரவரில போங்க சார், பாதி விலை" என்பார். பையனுக்கு ஸ்கூல் இருக்கிறதே என்றால், "ரெண்டாங்கிளாஸ்ல அப்படி என்னத்த சார் சொல்லித் தந்துடப் போறாங்க?"

அவரிடம் எனக்குள்ள உண்மையான கோபம் நேரம் பற்றியது. அமெரிக்காவில் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. பயணத்துக்குக் குறைந்தது 7 நாளாவது இருக்கும்போது விமான நிறுவனத்திடமே நேரடியாக டிக்கெட் வாங்கினால், 24 மணி நேரத்துக்குள் அபராதமில்லாமல் ரத்து செய்துகொள்ளலாம். இல்லாவிட்டால் பணம் கட்டாமலேயே அந்த விலையை 24 மணி நேரம் நமக்காக நிறுத்திவைக்க வேண்டும். இரண்டில் ஒன்றை நிறுவனம் செய்தாக வேண்டும். இந்தச் சட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே மலிவானந்தர்தான். ஆனால் நாம் அவசரப்பட்டு 300 டாலர் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்ற செய்தி அவரிடமிருந்து வருவது எப்போதும் இருபத்தாறாவது மணி நேரத்தில்தான். இருபத்துமூன்றில் அவர் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. "நேத்தே சொல்லியிருந்தீங்கன்னா கேன்சல் பண்ண வச்சிருப்பேனே!" என்று அவர் அங்கலாய்க்கும்போது, குரலில் ஒரு நிம்மதி தெரியும்.

விஷயம் தெரியாதவர் என்று தள்ளிவிடவும் முடியாது. எகானமி என்று நாம் ஒரே வகுப்பாக நினைப்பதற்குள் பல விலைத்தட்டுகள் உண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு, அடித்தட்டில் சில இருக்கைகள்தான் போடுவார்கள் என்பதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்துகொண்டது. நாலு பேருக்கு ஒன்றாகத் தேடினால், அடித்தட்டில் மூன்று இடம் மிச்சம் இருந்தாலும் கணினி நாலு பேரையும் அடுத்த தட்டுக்கு ஏற்றிவிடக்கூடும். "மூணு தனியா, ஒண்ணு தனியா போட்டுப் பாருங்க" என்பார். போட்டுப் பார்த்தால் சில நேரம் மெய்யாகவே இறங்கும். எரிச்சலாக இருக்கும்.

ஆனால் அந்த அறிவோடு நிறுத்திக்கொள்ளமாட்டார். பகலெல்லாம் ஒரு வங்கியின் கணினிக் கிடங்கைக் கட்டி மேய்க்கிற மனிதர், இரவில் உலாவியின் குக்கீகளை அழித்து, மறைவு ஜன்னல் திறந்து, நாலு சாதனங்களில் ஒரே பயணத்தை நாலு தடவை தேடுவார். நாம் திரும்பத் திரும்பத் தேடுவது தெரிந்தால் விலையை ஏற்றிவிடுவார்களாம். திரையைப் பார்த்துக் கிசுகிசுப்பாகத்தான் பேசுவார். அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. செவ்வாயோ வெறுவாயோ என்று அன்றைக்கு முகூர்த்தப் புடவைகூட எடுக்காத குடும்பத்தில் பிறந்தவர், டிக்கெட்டை மட்டும் செவ்வாய்க்கிழமைதான் வாங்குவார். விலை நிர்ணயிக்கும் கணினிகள் நாள் கிழமை பார்க்காமல் எந்நேரமும் விலையை மாற்றிக்கொண்டிருக்கின்றன என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அன்னிக்கு மூணுலேருந்து நாலரை ராகு காலம் சார். நம்மாளு எவனும் வாங்க மாட்டான். அதான் இறங்குது" என்றார். எடிசன் ராகு காலமா, எழும்பூர் ராகு காலமா என்று கேட்டிருக்க வேண்டும், அப்போது தோன்றவில்லை.

நியூயார்க்கிலிருந்து சென்னை 13,000 கிலோமீட்டருக்கு மேல். நேர் விமானம் கிடையாது. துபாயிலோ அபுதாபியிலோ தோஹாவிலோ ஒரு தடவை இறங்கி ஏறினால் ஒரு பகலும் ஓர் இரவுமாகப் போய்ச் சேரலாம். இது ஜனங்கள் போகிற வழி. மலிவானந்தர் வழி வேறு. நூற்றிருபது டாலர் மிச்சம் என்பதற்காக, ஜேஎஃப்கேவும் நூவர்க்கும் பக்கத்திலேயே இருக்க, வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்துக்கு நாலு மணி நேரம் கார் ஓட்டிப் போவார். பெட்ரோலும் சுங்கமும் கணக்கில் வராது. காரை அங்கே நிறுத்திவைக்கும் வாடகையும் வராது, ஏனென்றால் மேரிலாந்தில் ஒரு சிநேகிதர் வீட்டு வாசலில் நிறுத்திவிடுவார். சிநேகிதர் விடியற்காலையில் எழுந்து விமான நிலையத்தில் கொண்டுவிட்ட கூலியும் வராது.

ஒரு வருடம் இரண்டு தனித்தனி டிக்கெட்டாகப் பிரித்து வாங்கினார். நியூயார்க்கிலிருந்து லண்டன் கேட்விக் வரை ஒரு மலிவு விமானம், ஹீத்ரோவிலிருந்து சென்னைக்கு வேறொன்று. தனித்தனி டிக்கெட் என்பதால் பெட்டிகள் தாமாகப் போகாது. கேட்விக்கில் குடியேற்ற வரிசையில் நின்று, இந்தியப் பாஸ்போர்ட்டோடு, கிரீன் கார்டைக் காட்டி, உள்ளே விடுவதும் விடாததும் அந்த அதிகாரியின் மனசு என்ற நிலையில் விளக்கம் சொல்லி, எட்டுப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, எம்25 நெடுஞ்சாலையின் நெரிசலில் குடும்பத்தோடு ஊர்ந்து ஹீத்ரோ போய்ச் சேர்ந்தார். முதல் விமானம் தாமதமாகியிருந்தால் இரண்டாவது நிறுவனம் திரும்பியும் பார்க்காது; டிக்கெட் காசு போனதுதான். தாமதமாகவில்லை. அதனால் இந்தக் கதையை அவர் வெற்றிக் கதையாகவே சொல்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி அந்த நேரத்தில் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவார்.

தாமதம் என்றதும் நினைவுக்கு வருகிறது. விமானம் தாமதமாக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் ஒரே பயணி இவர்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 261/2004 என்று ஒரு விதி உண்டு. அங்கிருந்து கிளம்பி 3,500 கிலோமீட்டருக்கு மேல் போகும் விமானம், நிறுவனத்தின் குறையால் 4 மணி நேரத்துக்கு மேல் பிந்திப் போய்ச் சேர்ந்தால் ஆளுக்கு 600 யூரோ இழப்பீடு. பனி, புயல் என்றால் கிடையாது. இயந்திரக் கோளாறு என்றால் உண்டு. பிராங்பர்ட்டில் ஒலிபெருக்கி "இயந்திரக் கோளாறு" என்று அறிவித்ததும் காத்திருந்த கூட்டம் முழுக்க முனகியதாம். இவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துப் புன்னகை செய்திருக்கிறார். கடைசியில் 3 மணி 40 நிமிடத் தாமதத்தில் நூவர்க்கில் இறக்கிவிட்டார்கள். 4 மணி நேரத்துக்குள் என்றால் பாதிதான் தரலாம் என்று விதியிலேயே ஒரு துணைப்பிரிவு. வழியில் வேகம் பிடித்து நேரத்தை மிச்சப்படுத்திய விமானியை இன்றுவரை அவர் மன்னிக்கவில்லை.

பெட்டியை 22.9 கிலோவில் கட்டுவது, கனமான கோட்டுகளையெல்லாம் மேலே மாட்டிக்கொண்டு மீனம்பாக்கம் வெக்கையில் போய் இறங்குவது, விடியற்காலை மூன்று மணிக்கு இறங்கிவிட்டு டாக்சி எதற்கு என்று ஐந்து மணி மெட்ரோவுக்காகக் குழந்தைகளோடு காத்திருப்பது எல்லாம் அவரிடமும் உண்டு. அது எல்லார் வீட்டிலும் உண்டு.

சொல்லாமல் விடக்கூடாத ஒன்று இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் ஒரு பையன், வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நள்ளிரவில் ஊரிலிருந்து போன், அப்பா போய்விட்டார். அவன் யார் யாரையோ கூப்பிட்டு, கடைசியில் எல்லாரும் மலிவானந்தரைத்தான் கைகாட்டினார்கள். லுங்கியோடு வந்து மடிக்கணினியைத் திறந்தார். மறைவு ஜன்னலும் இல்லை, செவ்வாய்க்கிழமையும் இல்லை. பத்து நிமிடத்தில், உள்ளதிலேயே குறைந்த நேரத்தில் போகிற வழியைப் பிடித்துத் தன் கார்டிலேயே பணத்தைக் கட்டினார். அங்கே ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு மகனுக்காகக் காத்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். விசாத் தாள்களை அவரே சரிபார்த்தார், ஜேஎஃப்கே வரை அவரே ஓட்டிக்கொண்டு போனார். "எவ்வளவு ஆச்சு அண்ணா?" என்று அவன் கேட்டதற்கு, "போய்ட்டு வா தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாராம். அந்த டிக்கெட்டின் விலையை மட்டும் எந்தக் கொலுவிலும் அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

குறைந்த நேரத்தில் போகிற வழி அவருக்குத் தெரியாது என்றால் மன்னித்துவிடலாம். தெரியும். தெரிந்துதான், எழுபதைத் தாண்டிய தன் அம்மாவை இரண்டு இடத்தில் இறக்கி ஏற்றி, நடுவில் ஒரு விமான நிலையத்தில் பதினேழு மணி நேரம் உட்காரவைத்துத் தனியாக வரவழைத்தார். அந்த அம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. சக்கர நாற்காலி கேட்டு எழுதியிருந்தார், அதற்குக் காசில்லை. முழங்கால் வலிக்கு மட்டுமா நாம் அதைக் கேட்கிறோம்? தள்ளிக்கொண்டு போகிறவர் வழி காட்டுவார் என்றுதான். ஆனால் அடுத்த விமானத்துக்கு நெடுநேரம் இருந்தால், காத்திருக்கும் இடத்தில் விட்டுவிட்டு அவர் அடுத்த ஆளைத் தள்ளப் போய்விடுவார். கழிவறைக்குப் போகணும் என்று யாரிடம், எந்த மொழியில் சொல்வது? தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டதாக அந்த அம்மாள் என் மனைவியிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "புள்ளைக்கு இருநூத்தம்பது டாலர் மிச்சமாம்மா" என்றும் சொன்னார். மலிவானந்தருக்குச் சம்பளம் குறைவில்லை. வீட்டு வாசலில் இரண்டு கார் நிற்கிறது. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "அம்மாவுக்கு அங்க ஏசி எல்லாம் இருந்துச்சே சார்" என்றார்.

இந்த வருடம் எங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர்கள், மரியாதையான மனிதர்கள், பெரியவர் சொன்னால் கேட்டுக்கொள்கிறவர்கள். ஆகஸ்டில் 1,450 இருந்தபோது வாங்கப் போனவர்களை மலிவானந்தர் தடுத்து, அவர்கள் போனிலேயே விலை எச்சரிக்கை ஒன்றையும் வைத்துக் கொடுத்தார். செப்டம்பரில் 1,610. நவராத்திரியின்போது 1,780. அந்தப் பெண் மூன்று குழந்தைகளின் கோட்டுகளை மாட்டிக்கொண்டே என் மனைவியிடம், "அண்ணன் இன்னும் இறங்கும்னு சொல்றாருங்க்கா" என்றாள். ஊரில் அவளுடைய அம்மா முறுக்குக்கு மாவு எப்போது திரிப்பது என்று வாரா வாரம் கேட்கிறார்களாம். நேற்றைக்கு 1,940. அந்தப் பெண்ணின் கணவர் கொஞ்சம் பதற்றத்தோடு போன் செய்திருக்கிறார். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம் மலிவானந்தர். நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமையாம்.