கோலதிகாரம் – கள்ளக்குறிச்சிப் பாடம்

கல்வராயன் அடிவாரத்தில் கம்பெடுப்போர் எத்தனை வகையினர் எனின், எதிரே நிற்பது எதுவோ அதைக்கொண்டு நால்வகையினர் என்க. கம்பின் நீளத்தாலும் வாத்தியாரின் ஊராலும் வகுப்பாரும் உளர். அவர் கடைசிப் பேருந்தை விட்டுவிட்டு இருட்டில் நடந்தறியாதவர்.

காற்றை எதிர்ப்போர் முதல்வகை. பள்ளி ஆண்டுவிழா மேடையில் இவரைக் காணலாம். அடிபடுவது பெரும்பாலும் மேடை விளக்கு.

விதியை எதிர்ப்போர் அடுத்தவர். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. தொடுமுறையில் தொட்டால் புள்ளி. எலும்பை முறிக்கும் அடிக்கும் சட்டையை உரசும் அடிக்கும் ஒரே மதிப்பு என்றானதும், கை தொட்டுவிட்டு ஓடப் பழகுகிறது. கம்பு பழைய கம்புதான்.

மூன்றாமவர் ஆயுதக்காரனை எதிர்ப்போர். இங்கே ஒரு தடை எழுப்புவர்: மொரிஹெய் உயேஷிபா (1883–1969) வகுத்த ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஐகிடோவில் ஓயாமல் மணிக்கட்டைப் பிடிக்கிறார்களே, சண்டைக்காரன் சட்டையையல்லவா பிடிப்பான்? விடை: இடுப்பில் வாள் இருப்பதாகக் கொள்க. உருவவிடாமல் தடுக்க மணிக்கட்டைத்தான் பிடித்தாக வேண்டும். வாளை நீக்கிவிட்டால் அந்தப் பிடி வெறும் கைகுலுக்கல். அதனாலேயே இவாமா ஊரில் உயேஷிபாவின் மாணவர் மொரிஹிரோ சைட்டோ வாளையும் தடியையும் வெறுங்கைப் பயிற்சியோடு சேர்த்தே கற்பித்தார். நம் வெறுங்கைக் குத்துவரிசையும் அப்படியே. கம்பறியாதவனுக்கு அதன் காலடி பரதம் போலத் தோன்றும்.

ஆனால் கள்ளக்குறிச்சியில் வாள் ஏது? 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட கத்தியைப் படைக்கலமாகக் கொள்கின்றன. வீட்டுக்கும் உழவுக்கும் ஆனவற்றை விட்டுவிடுகின்றன. ஆகவே இவ்வூர் ஆயுதம் அரிவாளும், மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டும் கத்தியுமே. மரவாளை எதிர்த்துப் பழகுவோர் ஊரில் இல்லாத ஆளுக்காக வியர்வை சிந்துகின்றனர். களத்துமேட்டில் நெற்றியுயரக் கம்பு அரிவாளை எட்ட நிறுத்தும். கரும்புக் கொல்லைக்குள் அதே கம்பை அரைச் சுற்றுக்கூடச் சுழற்ற இயலாது. அங்கே நடுவில் பிடித்துக் குத்துவதே வழி. வீச்சை மட்டும் கற்பித்த வாத்தியார் வரப்போடு நின்றுவிடுகிறார்.

காட்டை எதிர்ப்போர் நான்காமவர். வெள்ளிமலைப் பக்கம் கம்பு முதலில் ஊன்றுகோல், பிறகு புதர் தட்டும் கோல், வேறு வழியில்லாதபோதே ஆயுதம். பன்றி முழங்காலுயரத்தில் வருகிறது. தலைக்கு மேல் சுழலும் அலங்கார வீச்சு அதற்கு நிழல் தருமேயன்றி வேறொன்றும் செய்யாது. இவரைச் சிலம்பக்காரர் என யாரும் அழைப்பதில்லை, சான்றிதழும் இல்லை. ஆயினும் இந்நூலாசிரியர் கருத்தில் முதலிடம் இவர்க்கே.

நாட்டுத் துப்பாக்கி எதிர்ப்பட்டால் நால்வகையும் ஒருவகையாகி ஓடும். கம்பு எந்தக் காட்டில் வெட்டியது என்று வழிமறித்துக் கேட்கும் வனக்காவலர் எவ்வகையில் அடங்குவார் என்பதை ஒழிபியலிற் காண்க.