வழிந்த பெயிண்டுக்கும் மரியாதை

1970-இல் டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராம்க் ஆலையில் டாட்ஜ் சேலஞ்சர் கார்கள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தபோது, யாரோ ஒரு தொழிலாளி ஷிப்ட் முடிகிற அவசரத்தில் வண்டியின் அடிப்பாகத்தில் பெயிண்டை அரைகுறையாக விசிறிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். கையைக் கழுவியதோடு அவர் அதை மறந்திருப்பார். இன்று பெரிய எஞ்சின் பூட்டிய அந்த ‘மசில் கார்’ ஒன்றைப் புதுப்பிப்பவர் மறப்பதாக இல்லை. துருப்பிடித்த தகட்டை அறுத்தெறிந்து, புதுத் தகட்டைப் பற்றவைத்து, கண்ணாடிபோல் தேய்த்து மெருகேற்றிய பிறகு, பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு அதே அரைகுறையை அதே இடத்தில் விசிறுகிறார். அசல் அலட்சியம் நொடியில் முடிந்தது. நகல் அலட்சியத்துக்கு நாள்கணக்கில் ஆகிறது.

ஆலைச் சோதனையாளர் சாக்பீஸில் போட்ட கிறுக்கலையும் விடுவதில்லை. கையெழுத்து மட்டும் அழகாக வந்துவிடக் கூடாது.

எஞ்சினில் பொறித்த எண் வண்டி எண்ணோடு பொருந்த வேண்டும். ஜன்னல் கண்ணாடியின் தேதிக் குறியும் பொருந்த வேண்டும். (ஜாதகப் பொருத்தத்தில்கூட ஒன்றிரண்டு தள்ளுபடி உண்டு.) இத்தனைக்கும், காப்பீட்டுக் கட்டணம் ஏறி, 1973-இல் எண்ணெய் நெருக்கடியும் வந்தபோது, பெட்ரோல் குடிக்கும் பூதம் என்று கைகழுவப்பட்ட வண்டிகள் இவை.

ஒருவழியாக 426 ஹெமி எஞ்சின் உறுமுகிறது, 425 குதிரைத்திறன். அத்தனை குதிரைகளும் கண்காட்சிக்கு மூடிய டிரெய்லரில் ஏறி, ஒரு டீசல் பிக்கப் இழுக்க, சொகுசாகப் போகின்றன. ஓட்டிக்கொண்டு போனால் டயரில் மண் ஒட்டிவிடுமாம்.