டிஸ்க் ஒழித்த வள்ளல்கள்

வள்ளல்களின் பட்டியலை ஏழோடு முடித்தது நம் புலவர்களின் அவசரம். முல்லைக்குத் தேர் கொடுத்தவனையும் மயிலுக்குப் போர்வை கொடுத்தவனையும் பாடிவிட்டு ஏட்டைக் கட்டிவிட்டார்கள். பின்னாளில் டோக்கியோவில் சோனி, கியோட்டோவில் நிண்டெண்டோ, ரெட்மண்டில் மைக்ரோசாஃப்ட் என்று மூவர் தோன்றி, கன்சோல் என்னும் பெட்டியால் உலகை உய்விக்கப் போவதை அவர்களுக்கு யார் சொல்வது? பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி மலையிலும் வாழும் தமிழர்களாகிய எங்களுக்கு இம்மூவரும் செய்த உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல. நன்றி கெட்டவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். அதனால் எழுதிவிடுகிறேன்.

எல்லை என்றாலே இந்தப் பக்கம் ஏவாரம்தான். 2003-ல் தமிழ்நாடு லாட்டரியைத் தடை செய்த நாளிலிருந்து கோபாலபுரத்துக்கும் வேலந்தாவளத்துக்கும் குமுளிக்கும் அந்தப் பக்கத்து ஆட்கள் கேரளச் சீட்டு வாங்க வருகிறார்கள். இந்தப் பக்கத்துப் பையன்கள் கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் போவார்கள். உடும்பஞ்சோலைப் பக்கத்தவர்கள் கம்பம்மெட்டு வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ மலையிறங்குவார்கள். துணிமணி, மிக்ஸி, செல்போன் எல்லாம் போக, விவரம் தெரிந்தவன் ஒருவன் சட்டைக்குள் பத்திரமாக ஒரு கேம் டிஸ்க்கைக் கொண்டுவருவான். செகண்ட் ஹேண்ட். பெரும்பாலும் தேர்ட் ஹேண்ட்.

அந்த இருண்ட காலத்தின் அற்பத்தனத்தை இன்று நினைத்தால் கூசுகிறது. ஒருத்தன் வாங்கிய ஜிடிஏ டிஸ்க் ஒரே வருஷத்தில் ஊரில் பாதி வீடு பார்த்துவிடும். முடித்தவன் விற்பான், வாங்கியவன் முடித்துவிட்டு அவனும் விற்பான். வாங்குகிறவன் டிஸ்க்கின் நடு ஓட்டையில் விரலை விட்டு, டியூப்லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பதே ஒரு தனிக் கலை. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும் கீறல் என்றால் மெஷின் சமாளித்துக்கொள்ளும். வட்டத்தோடு வட்டமாக ஓடும் கீறல் என்றால் படிக்காமல் திணறும். இது எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தராத பாடம், எட்டாம் கிளாஸ் பையனுக்கும் தெரிந்திருந்தது. "ஏனுங்ணா, இந்தக் கீறலுக்கு எரநூறு கொறச்சுக்கலாமுங்களா?" என்று கேட்பான். "அது கீறல் இல்லடா, மசி. தொடச்சாப் போயிரும்" என்று விற்பவன் லுங்கி நுனியால் துடைப்பான். சோனியின் பிளேஸ்டேஷன் 2, அதாவது பிஎஸ்2 காலத்து டிஸ்க்குக்குப் பற்பசை தேய்த்து மெருகேற்றிய வைத்தியர்களும் உண்டு.

மூணாறு தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இந்த நோய் இன்னும் முற்றியிருந்தது. ஒரு வரிசையில் யாராவது ஒருவர் வீட்டில் கன்சோல் இருந்தால் போதும். டிஸ்க் ஒரு வீட்டுடையது, கண்ட்ரோலர் இன்னொரு வீட்டுடையது, டிவி மூன்றாம் வீட்டுடையது. நாலு காசு கொடுத்து நாற்பது பேர் ஆடினார்கள். ஜப்பானில் ஒரு கம்பெனி ராப்பகலாக உழைத்துச் செய்த பொருளை இப்படிப் பங்கு போட்டுத் தின்பது அடுக்குமா?

அந்த ஜனங்களின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. பிஎஸ்4 இந்தியாவுக்கு 2014 ஜனவரியில் வந்தபோது விலை 39,990 ரூபாய். 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்ற தோட்டத் தொழிலாளர் அமைப்பின் பெண்கள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்து போராடியபோது தேயிலைத் தோட்டத்துத் தினக்கூலி 232 ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு கன்சோலுக்கு 173 நாள் கொழுந்து கிள்ள வேண்டும், அரிசி பருப்பு எதுவும் வாங்காமல். போராடி அதை 301 ஆக்கினார்கள். அதனால் 133 நாளில் முடிந்துவிடும். இவ்வளவு மலிவான பொருளைப் பங்கு போட்டு ஆடினால் அது பேராசை என்றுதானே கம்பெனிக்காரன் நினைப்பான்?

இந்தப் பேராசையை முதலில் கண்டு மனம் வருந்தியவர் மைக்ரோசாஃப்ட். 2013-ல் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல் வருமுன்பே பழைய டிஸ்க்கைக் கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடுகளை அறிவித்தார்கள். பெட்டி நாளுக்கு ஒரு தடவையாவது இன்டர்நெட்டில் போய் ஆஜர் சொல்ல வேண்டும் என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடும் ஏற்பாடு மாதிரி, ஆனால் வீட்டிலிருந்தபடியே. அந்த வசதியை உலகம் புரிந்துகொள்ளவில்லை. சோனி ஒரு காரியம் செய்தார்: அரை நிமிஷத்துக்கும் குறைவான ஒரு வீடியோ. சோனியின் ஷூஹெய் யோஷிதா ஒரு கேமைக் கையில் எடுத்துப் பக்கத்தில் நின்ற ஆடம் பாய்ஸிடம் நீட்டுகிறார், அவர் வாங்கிக்கொள்கிறார். கேமை இப்படித்தான் பகிர வேண்டும், அவ்வளவுதான். கைதட்டலில் கூரை பறந்தது. ஜூன் 19-ல் மைக்ரோசாஃப்ட் தன் திட்டத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டார்.

சோனியின் பெருந்தன்மை அந்த வீடியோவோடு நிற்கவில்லை என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன். ஏழே வருஷத்தில், 2020-ல், அவரே டிஸ்க் போடும் வாயே இல்லாத பிஎஸ்5 ஒன்றைக் கொண்டுவந்தார். நீட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. வாங்குவதற்கு எதிரில் ஆளும் நிற்க வேண்டாம். எதிராளியைக் கேலி செய்து ஓடவிட்டு, அவன் போட்டுவிட்டு ஓடிய சரக்கையே பொறுமையாக எடுத்துத் தன் கடையில் வைத்த சாமர்த்தியத்துக்குச் சாணக்கியனே எழுந்து நின்று கும்பிடு போடுவான்.

இந்தியாவில் 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி பிஎஸ்5 வந்தது. டிஸ்க் போடும் பெட்டிக்கு 49,990 ரூபாய் விலை வைத்தார்கள், டிஸ்க் இல்லாததற்கு 39,990. பத்தாயிரம் ரூபாயை நம் கையில் திணிக்கிறார்கள் பாருங்கள்! அப்போது புதிய பெரிய கேம் ஒன்று 4,999. டிஸ்க்காக வாங்கி, முடித்துவிட்டு, மூவாயிரத்துக்குத் தள்ளிவிடும் கஞ்சனுக்கு ஐந்து கேமில் 15,000 திரும்ப வந்துவிடும். டிஸ்க் இல்லாத பெட்டியை வாங்கியவனுக்கு இந்தக் கணக்குப் போடும் தலைவலியே இல்லை. ஆன்லைன் ஸ்டோரில் விலை சொல்வது ஒரே கடை. பக்கத்துக் கடையில் நூறு ரூபாய் குறைவு என்று வெயிலில் அலைய வேண்டாம், பேரம் பேசி வாய் வலிக்க வேண்டாம்.

பெட்டிக்கு வயதாக ஆக மரியாதை கூடுவது இந்தத் தலைமுறையில்தான். 2000-ல் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த பிஎஸ்2, 2009-ல் 99 டாலருக்கு இறங்கி ஏழை வீட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்தது. எவ்வளவு அவமானம்! பிஎஸ்5-ஐ அப்படி விட்டுவிடவில்லை. வந்து இரண்டு வருஷம் முடிவதற்குள், 2022 நவம்பரில், 49,990 பெட்டி 54,990 ஆனது. பிறகு வந்த மெலிந்த மாடலில் டிஸ்க் டிரைவைத் தனியே கழற்றி மாட்டலாம். மாட்டியதும் முதல் தடவை இன்டர்நெட்டில் பதிந்தால்தான் வேலை செய்யும். 2024 நவம்பரில் பிஎஸ்5 ப்ரோ வந்தது, 700 டாலர், டிஸ்க் டிரைவ் தனி. இந்தியாவுக்கு அதை அப்போது அனுப்பவில்லை. அதிலிருந்த வைஃபைக்கு வேண்டிய 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அன்று இங்கே அனுமதி இல்லாதிருந்ததாம். எங்கள் பணப்பையை இப்படி யாரும் காப்பாற்றியதில்லை.

நம் சர்க்காரையும் விட்டுவிடக் கூடாது. 2018 பிப்ரவரி பட்ஜெட்டில் கன்சோலுக்கான சுங்க வரியை 10 சதவீதத்திலிருந்து 20 ஆக்கினார்கள். அதே வருஷம் டிசம்பரில் ஜிஎஸ்டியை 28-லிருந்து 18 ஆக்கினார்கள். பிள்ளையைக் கிள்ளியதும் தொட்டிலை ஆட்டியதும் ஒரே வருஷத்துக்குள்.

டிஸ்க்கை ஒழித்ததில் மலைநாட்டுக்காரர்களுக்குக் கிடைத்த தனிச் சிறப்பு ஒன்றுண்டு. கேம் இனி காற்றில் வரும். பெரிய கேம் ஒன்று 100 ஜிபி, சிலது அதையும் தாண்டும். தினம் 2 ஜிபி ரீசார்ஜை நம்பி ஹாட்ஸ்பாட் போடுகிற லயத்துப் பையனுக்கு, வாட்ஸ்அப்பைக்கூடத் தொடாமல் இருந்தால், 50 நாளில் இறங்கிவிடும். மண்டல விரதத்தை விடக் கொஞ்சம் நீளம். கேபிள்காரரின் பிராட்பேண்ட் வந்த வீடுகளில் இந்தத் தவம் சுருங்கிவிட்டது என்றாலும், ஆடிக்காற்று அடித்து சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் எல்லோரும் சமம். 1940-லேயே பள்ளிவாசலில் மின்சாரம் எடுத்து, இன்று மூலமட்டத்தில் 780 மெகாவாட் நிலையத்தை வைத்துக்கொண்டு கேரளத்துக்கே வெளிச்சம் அனுப்பும் இடுக்கியில், டௌன்லோட் 97 சதவீதத்தில் நிற்க, பையன் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இருட்டிப்போன டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "அண்ணே, வந்துருச்சா?" என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் வரும். கரண்டைக் கேட்கிறானா கேமைக் கேட்கிறானா என்று தெரியாது. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.

கால்பந்து கேம் விஷயத்தில் எங்கள் நன்றி இரு மடங்கு. கேரளத்தில் பந்து உருளாத ஊரில்லை. அதை அறிந்த ஈஏ கம்பெனி வருஷா வருஷம் ஒரு புதுக் கேமை விற்கிறது, உள்ளே ஆட்டக்காரர்களைப் பாக்கெட் போட்டும் விற்கிறது. நிஜப் பணம் கொடுத்துப் பாக்கெட்டைப் பிரித்தால் எம்பாப்பே வரலாம், ஊர் பேர் தெரியாத பின்கள ஆட்டக்காரரும் வரலாம். எல்லைக் கடையில் தொங்கும் லாட்டரிச் சீட்டைப் போன்றதுதானே என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். லாட்டரியில் நம்பர் விழுந்தால் பணம் வந்து தொலைக்கும், சொந்தக்காரர்கள் கூடிவிடுவார்கள். இங்கே அந்தத் தொல்லை கிடையாது. எம்பாப்பே விழுந்தாலும் அடுத்த வருஷக் கேமுக்குக் கூட வரமாட்டார். மறுபடி முதல் பாக்கெட்டிலிருந்து தொடங்கலாம். பெல்ஜியம் 2018-ல் இதையெல்லாம் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. ரசனை கெட்ட தேசம்.

கதை கேம் ஆடுகிறவர்களையும் மறக்கவில்லை. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' 2013-ல் பிஎஸ்3-க்கு வந்தது, 2014-ல் மெருகேறி பிஎஸ்4-க்கு வந்தது, 2022-ல் புதிதாகச் செய்து பிஎஸ்5-க்கு வந்தது. ஒரே கதைக்கு மூன்று தடவை காசு. நம் ஊரில் ராமாயணக் கதாகாலட்சேபம் வருஷா வருஷம் நடந்தாலும் கேட்கிறவனிடம் டிக்கெட் கேட்கத் தெரியவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

நிலையாமையைப் பற்றிப் பட்டினத்தார் பாடிப் பாடி நம் தலையில் ஏறாததை யூபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனி ஒரே நாளில் ஏற்றியது. 2014-ல் வந்த 'தி க்ரூ' என்ற கார் கேமைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் தங்களுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2024 மார்ச் 31-ல் சர்வரை அணைத்தார்கள். தனியாக ஓட்டுகிறவனுக்கும் கார் கிளம்பவில்லை. டிஸ்க் வைத்திருந்தவனுக்கும் கையில் மிஞ்சியது காபி டம்ளர் வைக்க ஒரு தட்டு. அதே வருஷம் சோனி 'கான்கார்ட்' என்ற கேமை ஆகஸ்ட் 23-ல் திறந்து செப்டம்பர் 6-ல் மூடினார். பணத்தைத் திருப்பிக் கொடுத்த பலவீனம் மட்டும் அதில் ஒரு குறை. நிண்டெண்டோ ஒரு படி மேலே போய், 2025-ல் ஸ்விட்ச் 2 என்ற தன் கன்சோலுக்குச் சில கேம்களை விற்கும்போது பெட்டிக்குள் கார்டு வைத்தார், கார்டுக்குள் கேமை வைக்கவில்லை. கார்டு வெறும் சாவி, கேமை நெட்டில் இறக்கிக்கொள்ள வேண்டும். இந்தியாவில் முறையாகக் கடை விரிக்காத நிண்டெண்டோவின் பெட்டியை வளைகுடாவிலிருந்து வரும் மாமாவிடம் சொல்லி வாங்குகிற எங்கள் ஊர்க்காரன், பூட்டு அக்கரையிலும் சாவி இக்கரையிலுமாக அந்தத் தத்துவத்தையும் அனுபவிக்கலாம்.

இவ்வளவு செய்த பின்னும் திருந்தாத கூட்டம் ஒன்று எல்லைப்புறத்தில் இருக்கத்தான் செய்கிறது. அவர்களுடைய துர்நடத்தையை வாசகர்கள் அறிந்து விலகிக்கொள்வதற்காகச் சொல்கிறேன். புதுக் கேம் வந்த அன்றைக்கு இவர்கள் வாங்குவதில்லை. ஒரு வருஷம் பொறுத்து, விலை பாதியானதும் டிஸ்க்காக வாங்குகிறார்கள். டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5 கிட்டத்தட்ட எல்லா பிஎஸ்4 டிஸ்க்கையும் ஓட்டும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, பழைய பிஎஸ்4 டிஸ்க்குகளைப் பொறுக்குகிறார்கள். மாதச் சந்தாவில் இலவசமாகக் கொடுக்கும் கேம்கள் சந்தா நின்ற அன்றே பூட்டிக்கொள்ளும் என்பதால், லீவு மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டிவிட்டு ஸ்கூல் திறந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். இன்டர்நெட் இல்லாமல் முழுசாக ஓடுமா என்று விசாரித்த பிறகே காசை எடுக்கிறார்கள்.

அவர்கள் வழியில்தான் போவேன் என்று அடம் பிடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய கன்சோல் வாங்கும்போது டிஸ்க்கை உள்ளே தள்ளி, இழுக்கிறதா, வெளியே தள்ளுகிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். கண்ட்ரோலரைத் தொடாமல் கீழே வைத்து, திரையில் ஆள் தானாக நகர்கிறானா என்று பாருங்கள். நகர்ந்தால் ஸ்டிக் போய்விட்டது, விலையைக் குறைத்துக் கேளுங்கள். பிறகு பணத்தை எண்ணிக் கொடுங்கள்.