பீச்சாங்கை கிட்டார்

குப்பத்தில் ஒருவன் எதைச் செய்தாலும் மூன்று மொழிகளில் அபிப்பிராயம் வரும். ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் முட்டிக்கொள்ளும் மூலை இது. திராவிட மொழிகளுக்கென்றே 1997இல் பல்கலைக்கழகம் வந்த ஊரில் கேலிக்கு மட்டும் மொழிப் பஞ்சமா வரும்? ஐம்பதைத் தாண்டிய நான் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறேன் என்றதும், "ஈ வயசுலோ இதெந்துக்கு சார்?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கன்னடத்தில் கேட்டவர் இதையே கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார். தமிழில் கேட்டவர் என் மனைவி. அதில் மரியாதைக்கெல்லாம் இடமில்லை.

இத்தனைக்கும் அவர்கள் கேலி செய்ததெல்லாம் வயதை மட்டும்தான். நான் பீச்சாங்கைக்காரன் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவே இல்லை.

ரயிலேறி பெங்களூர் போனேன். கடைச் சுவர் முழுக்கக் கிட்டார்கள், எல்லாம் வலது கைக்கு. "இதையே திருப்பிப் பிடிங்க சார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸே அப்படித்தான் வாசிச்சார்" என்றார் கடைக்காரர். வாஸ்தவம்தான். வலது கை ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரைக் கவிழ்த்து, தந்திகளை வரிசை மாற்றிக் கட்டி, உலகையே அதிர வைத்தார். ஆனால் கழுத்து முனையில் தந்தி உட்காரும் பள்ளங்கள் அதனதன் கனத்துக்கேற்ப வெட்டப்பட்டவை. கனத்த தந்தி மெல்லிய பள்ளத்தில் இறங்காது. மெல்லியது அகலப் பள்ளத்தில் கடகடக்கும். குமிழ்கள் வேறு மேலே வந்துவிடும். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்கை உரசி வால்யூம் குறையும். வீட்டில் இதை ஒரு வசதியாகவே நினைத்திருப்பார்கள். இருந்தாலும் முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டி இடது கை கிட்டாருக்கே ஆர்டர் கொடுத்தேன்.

வாத்தியார் என்னை 'அங்கிள்' என்று கூப்பிடும் பையன். "வலது கையிலயே கத்துக்குங்க அங்கிள். கட்டையில விரல் ஓட்டறது எப்படியும் இடது கைதானே, உங்களுக்குத்தான் லாபம்" என்றான். லாபம்தான் என்றால் உலகத்து வலது கைக்காரர்கள் யாரும் ஏன் அந்த வேலையை வலது கைக்குத் தரவில்லை? தாளம் மீட்டும் கையில் இருக்கிறது, அதை யாரும் விடமாட்டார்கள். அவன் இடது கைக்காரரான மார்க் நாஃப்ளர் வலது கையில் வாசிப்பதைக் காட்டினான். நான் பால் மெக்கார்ட்னியைக் காட்டினேன். 1961இல் ஹாம்பர்க்கில் அவர் வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸ் கிட்டாரை வாங்கியதற்கு, இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது என்பதும் ஒரு காரணம். பள்ளிக்கூடத்தில் பிரம்பைக் காட்டி என் பலப்பத்தை வலது கைக்கு மாற்றினார்கள். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த இடது கைக்கு இந்த வயதிலாவது ஒரு போஸ்டிங் கிடைக்கட்டும் என்பது என் கட்சி.

ஒரு சௌகரியம் உண்டு. எதிரே உட்கார்ந்தால் வாத்தியார் எனக்குக் கண்ணாடி. அவன் விரல் போகும் திசையிலேயே என் விரலும் போகும். வலது கை மாணவர்கள்தான் மனசுக்குள் அவனைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சோதனை சாப்பாட்டில் வந்தது. எஃகுத் தந்தி விரல் நுனியை அறுப்பது எல்லோருக்கும் பொது. ஆனால் வலது கைக்காரனுக்குப் புண்ணாவது இடது கை. அவன் நிம்மதியாகச் சாப்பிடுவான். எனக்குப் புண்ணாவது சோத்தாங்கை. எஃப் கார்டு பழகிய இரவில் கொதிக்கும் மிளகு ரசத்தைப் பிசைந்து பார்த்தவனுக்குத்தான் ராக் இசை ஏன் அலறுகிறது என்று புரியும். ஸ்பூன் கேட்டேன். "ராக் ஸ்டாருக்கு ரசம் ஆறலையாக்கும்" என்றாள் மனைவி. பிளாக் சாபத் ராக் குழுவின் டோனி ஐயோமியும் இடது கைக்காரர். பர்மிங்ஹாம் தொழிற்சாலையில் 17 வயதில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்து, பிளாஸ்டிக்கை உருக்கித் தானே தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தவர். இதைச் சொன்னேன். "அவருக்கு ரசம் இல்லையே" என்றாள்.

சத்தத்தைப் பற்றி மட்டும் ஊரில் புகார் இல்லை. 'குப்பம் கிரீன்' என்று பெயர் வாங்கும் அளவுக்குக் கிரானைட் வெட்டும் பூமி. அறுக்கும் ஓசை இங்கே பழகிப்போனது.

பொங்கலுக்கு மைத்துனர் மகன் வந்திருந்தான். கல்லூரி விழாக்களில் வாசிப்பவன். "குடுங்க மாமா" என்று வாங்கி மடியில் வைத்தான். கழுத்து தப்பான பக்கம் போயிற்று. திருப்பினான்; தந்திகள் தலைகீழாயின. பாட்டுக்காகக் கூடமே காத்திருந்தது. "இதுல எப்படி மாமா வாசிக்கறீங்க?" என்று திருப்பிக் கொடுத்தான். நான் வாங்கி, எனக்குத் தெரிந்த இரண்டு கார்டையும் மாற்றி மாற்றி, கடைசி ஆள் காபிக்கு எழுந்து போகும்வரை வாசித்தேன்.