கோல் அடித்தவரும் கொண்டாடப்பட்டவரும்

கேள்வி: மேற்கு ஜெர்மனியின் கால்பந்து வீரர் கெர்ட் முல்லர் அத்தனை கோல்கள் அடித்திருந்தும், அவரது அணித் தலைவர் பெக்கன்பவுர், ஹாலந்தின் குரூய்ஃப் ஆகியோரின் கீர்த்தி அவருக்கு வாய்க்காதது ஏன்?

பதில்: பெக்கன்பவுர் ராஜகம்பீரத்துடன் பந்தை மைதானத்தின் நடுவே கொண்டு வருவதையும், குரூய்ஃப் எதிராளியைத் திகைக்க வைத்துத் திரும்புவதையும் ஜனங்கள் ஆற அமரப் பார்த்து ஆனந்தித்தார்கள். குட்டையான தேகமும் பருத்த தொடைகளும் கொண்ட முல்லரோ, கோலுக்கு அருகே கூட்டத்தில் ஒருவராக நின்றிருந்து, பந்து வந்து விழுந்த க்ஷணத்திலேயே உடலைச் சுழற்றி உதைத்துவிட, நடந்தது இன்னதென்று பார்த்தவர்கள் உணர்வதற்குள் வலை அசைந்துகொண்டிருக்கும். ரசிப்பதற்கு அவகாசமே கொடாத வித்தைக்கு ரசிகர்கள் எப்படிப் பெருகுவார்கள்?

விஷயம் அறிந்தவர்கள் அவரை மதிக்காமலில்லை. 1970-ல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது, அவ்விருவருக்கும் முன்பாக அவருக்கே கிடைத்தது. 62 சர்வதேச ஆட்டங்களில் 68 கோல்கள் என்பது, பெருந்திறமையாளரும் எட்டத் தவிக்கும் அபூர்வமான விகிதம். ஜெர்மன் லீக் போட்டியான பண்டஸ்லிகாவின் 1971-72 பருவத்தில் அவர் அடித்த 40 கோல்களைத் தாண்ட, 2021-ல் லெவண்டோவ்ஸ்கி வரும்வரை ஒருவராலும் முடியவில்லை. 1974-ல் மியூனிக் நகரில், குரூய்ஃபின் ஹாலந்தை வீழ்த்தி உலகக் கோப்பையைப் பெற்றுத் தந்த கோலும் அவருடையதே. அணித் தலைவர் என்ற முறையில் அந்தக் கோப்பையை உயர்த்தியவர் பெக்கன்பவுர். படத்தில் நிலைத்தவரும் அவரே.

அணி அமைக்கும் பாக்கியம் எனக்குக் கிட்டுமானால் முல்லரின் பெயரையே முதலில் எழுதுவேன். அவருக்குப் பந்தைக் கொண்டுவந்து கொடுப்பதற்காகப் பெக்கன்பவுரை அடுத்தபடியாகச் சேர்த்துக்கொள்வேன்.