கோட்டுக்கு வேர்க்காதா மாப்ள?

வாரும் மாப்ள, திண்ணையில உக்காரும். ராத்திரி நியூஸ் வாசிச்ச பிள்ளைக்குக் கையில்லாத ரவிக்கைன்னு டீக்கடையில அரை மணி நேரம் சாமியாடுனீராமே! பண்பாட்டுக்கு நம்ம வீட்டு மாப்ள காவல் நிக்காருன்னா மாமனுக்குப் பெருமைதான். மடிச்சுக் கட்டின லுங்கி, தோள்ல ஒரு துண்டு, வேற ஒண்ணுமில்லாம நின்னு பேசுனீருன்னும் சொன்னாக. அதுவும் சரிதான். காவக்காரன் காத்தோட்டமா இருக்க வேண்டாமா?

ஆமா, அந்தப் பிள்ளை என்ன சேதி வாசிச்சா? தெரியாதா? சரி விடும். தோளைப் பாத்த கண்ணுக்குச் சேதி எங்க தெரியப்போகுது.

அவ பக்கத்துல ஒரு பையன் உக்காந்திருந்தானே, அவனைப் பாத்தீரா? கழுத்துல டை, மேல கோட்டு. அக்கினி நட்சத்திரத்துல, சென்னையில, கோட்டு! அது மட்டும் என்ன நம்ம கரிசக்காட்டுல வெளஞ்சதா? அதைப் பாத்து ‘பண்பாடு போச்சே’ன்னு உம்ம வாயிலருந்து ஒரு சத்தம் வரலையே. இடுப்புக்குக் கீழ மேசை மறைச்சிருது. அங்க அவனும் உம்மள மாதிரி லுங்கிதான் கட்டியிருக்கானோ என்னமோ, யாரு கண்டா.

என் பேத்தி ஒரு கதை சொன்னா. ஆஸ்திரேலியாவுல கார்ல் ஸ்டெஃபானோவிச்னு ஒரு மனுசன், காலையில டிவியில வாறவன். கூட உக்காந்து பேசுற அம்மாவோட துணிமணியைப் பத்தி மட்டும் சனங்க ஓயாம குத்தம் சொல்லுதாகளேன்னு, ஒரே நீலக் கோட்டை ஒரு வருசமா மாட்டிட்டு வந்திருக்கான். ஒரு ஈ காக்கா கேக்கல. கடைசியில 2014-ல அவனே வாயைத் தொறந்து சொன்ன பொறகுதான் ஊருக்குத் தெரிஞ்சது. நாத்தம் வந்திருந்தாக்கூட சனங்க அந்த அம்மாவைத்தான் சந்தேகப்பட்டிருப்பாக.

அதே 2014-ல நம்ம சென்னையில நடந்தது என்ன? உயர்நீதிமன்ற நீதிபதி ஒருத்தர் வேட்டி கட்டிட்டுச் சேப்பாக்கத்துல ஒரு கிளப் விழாவுக்குப் போனாரு. வாசல்லயே நிறுத்திப்புட்டாக. பொறகு சட்டசபையில சட்டம் போட்டுத்தான் வேட்டிய உள்ள விட வேண்டியிருந்தது. கோட்டுக்கு அப்படி ஒரு சட்டம் என்னைக்காவது தேவைப்பட்டுச்சா, சொல்லும்?

‘அந்தக் காலத்துல இப்படியா இருந்துச்சு’ன்னு ஆரம்பிக்காதீரும். அந்தக் காலத்துல இருந்தவன் நான், நீரு இல்ல. சென்னையில தூர்தர்ஷன் வந்தது 1975. நம்மூருப் பஞ்சாயத்துக்கு வந்த டிவி கறுப்பு வெள்ளை. ஷோபனா ரவி சேதி வாசிச்சா, பொம்பளைக கூடி உக்காந்து அது என்ன கலர் சேலைன்னு மல்லுக்கட்டுவாக. அரக்குங்கிறா ஒருத்தி, மயில்கழுத்துங்கிறா இன்னொருத்தி. தெரிஞ்சது என்னமோ சாம்பல்தான். அப்பவும் துணியத்தான் பாத்தாக. ஆனா தீவாளிக்குத் தனக்கு ஒண்ணு எடுக்கணும்னு பாத்தாக. உம்மள மாதிரி அடுத்தவளைத் திருத்தணும்னு பாக்கல.

டிவிக்காரங்களுக்குன்னு உடுப்புக் கணக்கு இருக்கு மாப்ள. மழை வருதுன்னு கையைக் காட்டிச் சொல்லுதாளே ஒரு பிள்ளை, அவ பின்னால அனேகமா மேப்பும் கிடையாது, மண்ணும் கிடையாது, வெறும் பச்சைத் திரைதான். எங்க பச்சை இருக்கோ அங்க படத்தை ஒட்டிரும் கம்ப்யூட்டர். அவ கிளிப்பச்சைச் சேலை கட்டி நின்னான்னு வையும், தலையும் கையும் அந்தரத்துல ஆடும், வங்காள விரிகுடாப் புயல் அவ வயித்துலதான் கரை கடக்கும். பொடிக்கட்டம் போட்ட துணி கேமராவுல புழுவா நெளியும். மைக்கைக் குத்த ஒரு மடிப்பு வேணும். இத்தனையும் பாத்து அதுக உடுத்துதுக. ‘டீக்கடைக்குப் பிடிக்கணும்’ங்கிறதை எந்த எடத்துல சேக்க?

டிவிய விடும், நம்ம தெருவைப் பாரும். பருத்தி எடுக்கப் போற பொம்பளைக சேலைக்கு மேல புருசனோட பழைய முழுக்கைச் சட்டைய மாட்டிட்டுப் போறாக. வெயிலுக்கும் செடி கீறாம இருக்கவும் அதுதான் தோது. விடியக்காலம் கொழாயில தண்ணி வந்தா, நைட்டிமேல ஒரு துண்டைப் போட்டுட்டுக் குடத்தோட ஓடுறாக. இதுக்கெல்லாம் எந்தப் பஞ்சாயத்துல தீர்மானம் போட்டோம்? வேலை கேட்டுச்சு, உடுப்பு மாறுச்சு.

இன்னொண்ணும் சொல்லிப்புடுதேன், கோவிச்சுக்கிடாதீரும். கோயிலுக்கு இன்ன உடுப்புலதான் வரணும்னு மதுரைக் கோர்ட்டு உத்தரவு ஒண்ணு, 2016 சனவரி முதத் தேதி அமலுக்கு வந்துச்சு. பொறகு அதை நிறுத்தி வச்சுட்டாக. அதுல வேண்டாம்னு சொன்ன உடுப்புல ஜீன்ஸோட சேத்து லுங்கியும் உண்டு. டவுன் பிள்ளைக ஜீன்ஸும் உம்ம லுங்கியும் ஒரே கூண்டுல நின்னுச்சு மாப்ள!

அதனால இனிமே அடுத்தவ உடுப்பைப் பத்தி நாக்கு அரிச்சா, மூணு கேள்விய உமக்குள்ள கேட்டுப் பாரும். உடுத்துனவளுக்கு வேர்க்குதா? அவ வேலைக்கு இடைஞ்சலா? அதைத் துவைக்கிறது யாரு? மூணாவதுக்கு ‘நான்’னு பதில் வந்தா மட்டும் வாயைத் தொறக்கலாம். இந்தக் கணக்குப்படி டிவிக்காரி ரவிக்கை மட்டுமில்ல, உம்ம லுங்கியப் பத்திப் பேசக்கூட உமக்குப் பாத்தியதை கிடையாது. அது என் அண்ணன் மகளுக்குத்தான். அவ அந்தா வாறா, கையில சோப்புத் தண்ணி வாளியோட. கொஞ்சம் தள்ளி உக்காரும்.