அளவெடுக்காமல் தைத்த மடிக்கணினி

அனுப்புநர்: முதலாண்டு மாணவி ஒருத்தியின் தாய், லேடீஸ் டெய்லர், சின்னாளபட்டி, திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்: மடிக்கணினித் தெரிவுக் குழுவினர், தனியார் பொறியியல் கல்லூரி (பெயரைத் தாங்களே நிரப்பிக்கொள்ளவும்).

பொருள்: 15.6 அங்குலம் – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: முதலாண்டு மாணவர்களுக்கான தங்கள் சுற்றறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். முதலாண்டுப் பிள்ளைகள் அனைவரும், எந்தத் துறையானாலும், 15.6 அங்குலத் திரையும் தனி கிராபிக்ஸ் கார்டும் உள்ள மடிக்கணினியே வைத்திருக்க வேண்டும் என்ற தங்கள் உத்தரவு கிடைத்தது. வளையலை அடகு வைத்து வாங்கிவிட்டோம். கடை கடையாக ஏறி இறங்கும் சிரமத்தைக்கூடத் தாங்கள் எங்களுக்கு வைக்கவில்லை. அட்மிஷன் கவுண்டருக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டால், அந்த ஸ்டாலில் ஒரே மாடல், அந்த மாடலுக்குத் திரை சொல்லிவைத்தாற்போல் 15.6. குழு உட்கார்ந்து ஆராய்ந்து எடுத்த முடிவும் ஸ்டால்காரர் கையில் இருந்த சரக்கும் இம்மி பிசகாமல் ஒத்துப்போனதைக் கடவுள் செயல் என்றே எங்கள் தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.

நான் பிளவுஸ் தைப்பவள். அளவு என்று யார் வாயைத் திறந்தாலும் கை தானாக இன்ச் டேப்புக்குப் போகும். பெட்டியைப் பிரித்ததும் திரையில் டேப்பை வைத்தேன். அகலம் பதின்மூன்றரைக்குக் கொஞ்சம் மேலே, உயரம் ஏழரைக்குக் கொஞ்சம் மேலே. 15.6 எங்கே என்று பார்த்தால், மூலைக்கு மூலை கிராஸாகப் பிடித்தால்தான் வருகிறது. உலகம் பூராவும் திரையை அப்படித்தான் அளப்பார்கள் என்று மகள் சொன்னாள். சரி, அவர்கள் தொழில் அவர்களுக்கு.

எதிர் வீட்டுப் பையன் வேறு ஊரில் படிக்கிறான். அவனுடையது 14 அங்குலம். லீவுக்கு வந்தவனிடம் வாங்கி அதையும் அளந்தேன். அவன் திரை 16-க்கு 10 என்ற விகிதத்தில் அமைந்ததாம், தாங்கள் தேர்ந்தெடுத்தது 16-க்கு 9. உயரத்தைப் பார்த்தால் அவனுக்கு 7.42 அங்குலம், எங்களுக்கு 7.65. கால் இன்ச் வித்தியாசம்கூட முழுதாக இல்லை! பெரிது பெரிது என்று நாங்கள் தூக்கிவந்தது அத்தனையும் பக்கவாட்டில்தான் இருக்கிறது, ஏறக்குறைய ஒன்றே முக்கால் அங்குலம். பாடப் புத்தகமும் புரோகிராமும் மேலிருந்து கீழே படிக்கிற சங்கதி, அதற்கு உயரம் வேண்டும். பக்கவாட்டு அகலம் சினிமாவுக்கு நல்லது. பிள்ளைகளின் பொழுதுபோக்கிலும் குழு அக்கறை எடுத்துக்கொண்டதற்கு முதல் நன்றி.

அந்த அகலத்தின் புண்ணியத்தில் கீபோர்டின் வலது ஓரத்தில் எண்களுக்கென்று தனிக் கட்டைகள் வந்து உட்கார்ந்துவிட்டன. கணக்கு எழுதுகிறவர்களுக்கு அது பெரிய வசதி, மறுக்கவில்லை. ஆனால் எழுத்துகள் எல்லாம் இடது பக்கம் ஒதுங்கிவிட்டன. திரைக்கு நேராக உட்கார்ந்தால் மகளுக்குக் கை கோணுகிறது, கைக்கு நேராக உட்கார்ந்தால் கழுத்து கோணுகிறது.

இதை எடை போட எங்கள் தெரு மளிகைக் கடைத் தராசுக்கே எடுத்துப் போனேன். மடிக்கணினி 2 கிலோ 300 கிராம். சார்ஜர் தனியாக 650. கடைக்கார அண்ணன், "சார்ஜரா? நான் செங்கல்னு நெனச்சேன்" என்றார். அதோடு நோட்டு, ரெக்கார்டு, மினி டிராஃப்டர், சாப்பாட்டுக் கேரியர், தண்ணீர் பாட்டில். என் மகள் அஞ்சடிக்கு ஒரு இன்ச் குறைவு. இத்தனையையும் முதுகில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் படியோரம் நின்று, திண்டுக்கல்லில் பஸ் மாறி, மூன்றாவது மாடி ஏறி வகுப்புக்குப் போகிறாள். கல்லூரியில் ஜிம் இல்லை என்று யாரும் இனிமேல் குறை சொல்ல முடியாது.

பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு வந்தபோது அந்த வகுப்பறையிலேயே உட்காரவைத்தீர்கள். எழுதும் பலகை வைத்த நாற்காலி. டேப் கைப்பையில்தான் இருந்தது. பலகை அகலம் 11 அங்குலம். மடிக்கணினியோ சட்டத்தோடு சேர்த்து 14 அங்குலத்தைத் தாண்டும். மிச்ச மூன்று அங்குலம் அந்தரத்தில் நிற்கிறது. கீழே விழாமல் இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு வலது கை ஒற்றை விரலால் தட்டுகிறார்களாம் பிள்ளைகள். நாற்காலி வாங்கிய குழுவும் மடிக்கணினி சொன்ன குழுவும் ஒன்றா, வேறு வேறா என்று தெரிந்துகொள்ள ஆசை. ஒன்றுதான் என்றால் என் மரியாதை இன்னும் கூடும்.

அப்புறம் பை. கல்லூரிச் சின்னம் போட்டு, கட்டணத்தோடு சேர்த்து ஆளுக்கு ஒன்று கொடுத்தீர்களே, அந்தப் பைக்குள் மடிக்கணினிக்கென்று பஞ்சு வைத்துத் தைத்த அறை 14 அங்குலத்துக்கு அளந்தது. அதில் 15.6-ஐ நுழைத்து ஜிப்பை இழுத்தால் மூலையில் ரன்னர் பல்லை விட்டுவிடும். மகளின் தோழிகள் ஒவ்வொருத்தியாகப் பையோடு என் கடைக்கு வருகிறார்கள். ரன்னர் மாற்றுவதால் பயனில்லை, பக்கத்தில் ஒரு பட்டி வைத்துத் தைத்தால்தான் அடங்குகிறது. தீபாவளிக்கு முன்னால் இப்படி ஒரு வரும்படி எனக்கு வந்ததே இல்லை. இது இரண்டாவது நன்றி.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோய் அங்கே என்ன செய்கிறார்கள் என்று மகளைக் கேட்டேன். முதலாண்டில் பைத்தான் இருக்கிறது. அது எதிர் வீட்டுப் பையனின் 14 அங்குலத்திலும் ஓடும், அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்த என் மூத்தவனுக்குக் கிடைத்த விலையில்லா மடிக்கணினியிலும் ஓடுகிறது, போட்டுப் பார்த்துவிட்டோம். இன்ஜினியரிங் கிராபிக்ஸ் இருக்கிறது. அதற்குப் பென்சில், வரைதாள், முன்னால் சொன்ன மினி டிராஃப்டர். தமிழர் மரபு என்று ஒரு பாடமும் உண்டு. நடுகல்லைப் பற்றிப் படிப்பதற்குத் தனி கிராபிக்ஸ் கார்டு எந்த வகையில் உதவும் என்பதை அடுத்த சுற்றறிக்கையில் விளக்கினால் பெற்றோருக்கு வசதி.

அந்தக் கார்டு சும்மா இருந்தாலும் தன் பங்குக்குப் பேட்டரியைக் குடிக்கிறது. இரண்டாவது பீரியடிலேயே சார்ஜ் தேடவேண்டி வருகிறது. வகுப்புக்கு ஒரு பிளக் பாயிண்ட், அதுவும் ஆசிரியர் மேசைக்கு அருகில், சின்ன துளை. சார்ஜரின் முனையிலோ கிரைண்டருக்கு வருகிற மாதிரிப் பெரிய பின். அறுபது பிள்ளைகளும் ஒரு அடாப்டரும் என்று தனியாக ஒரு கதை எழுதலாம், இங்கே இடமில்லை.

பெரிய திரையே வேண்டாம் என்று சொல்கிற மூடத்தனம் எனக்கு இல்லை. கட்டட வரைபடம் போடுகிற பிள்ளைக்கும், மெக்கானிக்கலில் முப்பரிமாண மாடல் செய்கிற பிள்ளைக்கும், வீடியோ வெட்டி ஒட்டுகிறவனுக்கும் பெரிய திரையும் தனி கார்டும் தேவைதான். விடுதியில் மேசை மேல் வைத்தால் வைத்த இடத்தில் இருக்கப்போகிறது என்றால் 16 அங்குலமே வாங்கட்டும். தினமும் பஸ் ஏறி வருகிற பிள்ளைக்கு 14, ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகாமல், சின்ன சார்ஜரோடு. அதற்கும் கீழே போனால் ஒரு பக்கம் பாடமும் ஒரு பக்கம் புரோகிராமுமாகத் திறந்து வைக்கக் கண் வலிக்கும் என்கிறாள் மகள். வீட்டில் பெரிதாகப் பார்க்கவேண்டுமா, பழைய மானிட்டர் ஒன்றை வாங்கி எச்.டி.எம்.ஐ. வயரைச் சொருகினால் முடிந்தது. அட, தங்கள் லேபிலேயே வரிசையாகப் பெரிய மானிட்டர்கள் இருக்கின்றனவாம். தூசி படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, நான்கு மணிக்கெல்லாம் பூட்டிவிடுகிறீர்களாம். சொத்தைக் காப்பாற்றுகிற அந்தப் பொறுப்புணர்ச்சிக்கு மூன்றாவது நன்றி.

என் கடையில் அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே அளவில் பிளவுஸ் வெட்டினால் துணியை என் முகத்தில் வீசிவிட்டுப் போவார்கள். தங்களுக்கு அந்தப் பயம் இல்லை, இன்டர்னல் மார்க் தங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த ஆண்டுச் சுற்றறிக்கை எழுதுவதற்கு முன்னால், குழுவினர் அனைவரும் ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குச் சின்னாளபட்டி பஸ் நிறுத்தத்துக்கு வரவேண்டும். ஆளுக்கு ஒரு பை நான் தயாராக வைத்திருப்பேன், உள்ளே எல்லாம் இருக்கும், சார்ஜர் உட்பட. பைகளில் பட்டி வைத்துத் தைத்தாகிவிட்டது, ஜிப் நன்றாக மூடும். தங்கள் கார்களை அன்று வீட்டிலேயே விட்டுவிட்டு வரவும். லிஃப்ட் சாவியையும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர்

பி.கு.: எதிர் வீட்டுப் பையனின் 14 அங்குலத்தை வெள்ளிக்கிழமை எங்கள் மகள் ஒரு நாள் இரவல் வாங்கி வகுப்புக்குக் கொண்டுவந்தாள். விதிமீறல் என்று அபராதம் 200 ரூபாய் கட்டச் சொல்லியிருக்கிறீர்கள். நான்கு பைக்குப் பட்டி தைத்தால் வந்துவிடும், கட்டிவிடுகிறோம்.